கோயிலில் நம் பிள்ளைகளின் இடம்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர், மறைக்கல்வி ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவுக்குக் கொடியேறிய நாளிலிருந்து நம் கோயிலின் பழைய கதைகளை ஒவ்வொருவராக வந்து எனக்குச் சொல்லி வருகிறீர்கள். அவற்றில் ஒரு செய்தி என் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பனையோலைப் பெட்டிகளில் மணல் சுமந்தார்களாம். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பெரியவர்கள் சுமப்பதைப் பார்த்து அவர்களும் சுமந்தார்கள். அன்று மணல் சுமந்த பிள்ளைகள்தாம் இன்று தலை நரைத்து இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "இது எங்கள் கோயில்" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் குரலில் ஓர் உரிமை இருக்கிறது. அந்த உரிமை உங்களுக்கு எப்போது வந்தது? அறுபது வயதில் வந்ததா? இல்லை. ஆறு வயதில், தலையில் மணற்பெட்டி ஏறியபோதே வந்துவிட்டது.

இன்று இந்தப் பங்கில் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டா? இதைத்தான் உங்களோடு சேர்ந்து இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

ஞாயிறு இரண்டாம் பூசையில் பீடத்தில் நிற்கும்போது எனக்கு எல்லாம் தெரிகிறது. கெபியின் நிழலில் கைக்குழந்தையோடு நாலைந்து தாய்மார் நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் பூசை கேட்கிறது, ஆனால் பீடம் தெரியாது. மேற்கு வாசலில் பைக்கின் பெட்ரோல் டாங்கின்மேல் மகனை உட்கார வைத்துக்கொண்டு சில தகப்பன்மார் நிற்கிறார்கள். உள்ளே கடைசி வரிசையில், பிள்ளை சத்தம் போடாமல் இருக்க வேண்டுமே என்று அதன் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுத் தாய் செபிக்கிறாள். அந்தப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவர்களின் முதுகும் கையிலுள்ள பொம்மைப் படமும்தான். "பிள்ளைகளுக்கு என்ன புரியும் சாமி? விவரம் தெரிந்தபின் வரட்டும்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். இந்த வார்த்தையைத்தான் இன்று நாம் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும்.

வாசற்படியில் நின்ற சிறுவன்

உங்களைக் குறை சொல்வதற்கு முன் என் குறையை உங்கள் முன் வைப்பதே முறை. நான் குருப்பட்டம் பெற்ற முதல் ஆண்டுகளில் வேறொரு கிராமத்தில் இருந்தேன். ஒரு திருவிழாப் பூசை. பல நாள் உழைத்துத் தயாரித்த பிரசங்கம். நடுவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தாய் என்ன செய்தும் அடங்கவில்லை. எனக்கு நூல் அறுந்துவிட்டது. இளமைத் திமிர் என்றே சொல்லுங்கள். ஒலிபெருக்கியிலேயே, "யாரம்மா அது? பிள்ளையை வெளியே கொண்டு போங்கள்" என்றேன். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்தத் தாய் குனிந்த தலையோடு இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் பிரசங்கத்தைத் தொடர்ந்தேன். அன்றைய பிரசங்கம் நன்றாக இருந்தது என்று பலர் பாராட்டினார்கள். அது எதைப் பற்றியது என்பது எனக்கு இப்போது நினைவில் இல்லை.

ஆண்டுகள் சென்றன. மாற்றலாகிப் போய், மறுபடியும் அதே பங்குக்கு வந்தேன். புதுநன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் வகுப்பைக் கோயிலுக்குள் வைத்திருந்தோம். எட்டு வயதுப் பையன் ஒருவன் மட்டும் உள்ளே வராமல் வாசற்படியில் நின்றான். கூப்பிட்டேன், வரவில்லை. அருகே போய்க் காரணம் கேட்டேன். "உள்ளே போனா சாமி ஏசுவாரு" என்றான். எந்தச் சாமி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். தாயைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "சாமி, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் மனசில வைக்கல. ஆனா அதுக்குப் பிறகு உள்ளே வந்து உக்கார எனக்குக் கூச்சமாப் போச்சு. வேப்பமரத்தடியிலேயே நின்னுக்குவேன். இவன் உள்ளே ஓடிரக் கூடாதேன்னு, 'உள்ளே போனா சாமி ஏசுவாரு'ன்னு சொல்லிச் சொல்லியே நிறுத்தி வச்சேன்." ஆறு ஆண்டுகள், பிரியமானவர்களே! ஆறு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பையனுக்கு மறைக்கல்வி நடந்திருக்கிறது. வேப்பமரத்தடிதான் வகுப்பறை. கோயில் என்பது தனக்கு உரிய இடமில்லை, அங்கே ஏசுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் பாடம். அந்தப் பாடத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

மறுவாரம் அவன் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போனேன். பீடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பூசை மணியை அடித்துப் பார்க்கக் கொடுத்தேன். புதுநன்மையும் வாங்கினான். இப்போது கடல் கடந்து எங்கோ வேலை செய்கிறான். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறானா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பூசையில் அவனுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

ஆகவே, "பிள்ளைக்கு என்ன புரியும்" என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை. பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது. வார்த்தை புரியாமலிருக்கலாம், தனக்கு அங்கே இடம் உண்டா இல்லையா என்பது புரிகிறது. அதுதான் விசுவாசத்தின் முதற் பாடம்.

பாட்டியின் விரல்

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில் என் பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போவாள். அப்போது எங்கள் ஊர்க் கோயிலில் பெஞ்சு கிடையாது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், எல்லாரும் தரையில்தான். பாட்டி எப்போதும் முன்னால் போய்த்தான் உட்காருவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லத்தீன் பூசைக் காலத்தில் வளர்ந்து, பிறகு தமிழ்ப் பூசைக்குப் பழகியவள்.

மணி அடித்ததும் என் தாடையின் கீழ் ஒரு விரலை வைத்து முகத்தைப் பீடத்தின் பக்கம் திருப்புவாள். "ஆண்டவர் வந்திருக்கார், கும்பிடு" என்பாள் காதுக்குள். சில நேரம் தூங்கிவிடுவேன். அப்போதும் அந்த விரல் வந்து எழுப்பும். அடித்தது கிடையாது, மிரட்டியது கிடையாது. பூசை முடிந்ததும் சுரூபங்களின் பக்கம் கூட்டிப் போய், இவர் யார், அவர் கையில் ஏன் லீலிப்பூ, இந்த அம்மா ஏன் பாம்பை மிதிக்கிறாள் என்று சொல்லித் தருவாள்.

பிற்காலத்தில் குருமடத்தில் நற்கருணையைப் பற்றிய இறையியலைப் படித்தோம். பெரிய பெரிய நூல்கள், கடினமான சொற்கள். அவை எல்லாம் தேவைதான். ஆனால் பேராசிரியர் ஆண்டவரின் மெய்யான பிரசன்னத்தை விளக்கத் தொடங்கியபோது, என் தாடையின் கீழ் பாட்டியின் விரலைத்தான் நான் உணர்ந்தேன். அவள் எனக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டதற்குத்தான் குருமடம் பெயர் வைத்துத் தந்தது. விவரம் தெரிந்தபின் கோயிலுக்கு வந்தவன் அல்ல நான். கோயிலுக்கு வந்து வந்தே விவரம் தெரிந்துகொண்டவன்.

ஆண்டவர் யார் பக்கம் நின்றார்?

மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தை நாம் எல்லாரும் அறிவோம். மக்கள் பிள்ளைகளைக் கொண்டு வருகிறார்கள். தடுக்கிறவர்கள் யார்? பரிசேயர்களா? உரோமைப் போர்ச்சேவகர்களா? இல்லை, சீடர்கள். ஆண்டவருக்கு மிக நெருக்கமானவர்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. போதகருக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். பிறகு பிள்ளைகளைத் தூரத்திலிருந்து ஆசீர்வதித்து அனுப்பிவிடவில்லை. அணைத்துக்கொண்டார், அவர்கள்மேல் கைகளை வைத்தார்.

மத்தேயு நற்செய்தி இருபத்தோராம் அதிகாரத்தையும் வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஆண்டவர் எருசலேம் ஆலயத்தில் இருக்கிறார். சிறுவர்கள் ஓசன்னா என்று ஆர்ப்பரிக்கிறார்கள். தெருவில் அல்ல, ஆலயத்துக்குள்ளேயே! தலைமைக் குருக்களுக்குப் பொறுக்கவில்லை. ஆண்டவர் பிள்ளைகளின் பக்கம்தான் பேசினார். என்னைப் போன்ற குருக்கள் அடிக்கடி வாசித்து நெஞ்சில் அறைந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

குருக்களுக்கு இன்னும் ஒரு பாடம் திருத்தூதர் பணிகள் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. துரோவா நகரில் பவுலடியார் நள்ளிரவு வரை பிரசங்கம் செய்கிறார். சன்னலில் உட்கார்ந்திருந்த யூத்திகு என்னும் இளைஞன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். பவுலடியாரின் பிரசங்கத்துக்கே ஒருவன் தூங்கியிருக்கிறான் என்றால் நம் கதி என்ன! ஆனால் பவுலடியார் என்ன செய்தார்? "நான் பேசும்போது தூங்கினாயே" என்று ஏசவில்லை. கீழே இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நாம் இறங்கிப் போக வேண்டும்.

பழைய ஏற்பாட்டில் பாஸ்கா இரவை நினைத்துப் பாருங்கள். இந்த வழிபாட்டுக்கு என்ன பொருள் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இன்ன பதில் சொல்லுங்கள் என்று விடுதலைப் பயண நூல் பன்னிரண்டாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பிள்ளை கேட்க வேண்டுமானால் பிள்ளை அங்கே இருக்க வேண்டும். கெபியின் பின்னால் நிற்கும் பிள்ளை எதைப் பார்த்துக் கேள்வி கேட்கும்?

திருச்சபைத் தாயின் மனம்

திருச்சபை இதை எப்படிப் பார்க்கிறது? ஒரு காலத்தில் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயது வரை பிள்ளைகளைப் புதுநன்மைக்குக் காக்க வைத்தார்கள். நன்றாகப் புரிந்தபின் வாங்கட்டும் என்ற அதே நல்ல எண்ணம்தான். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அதை மாற்றினார். ஏறக்குறைய ஏழு வயதில், புத்தி விவரம் தொடங்கும்போதே பிள்ளை நற்கருணை வாங்கலாம். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு வந்தால் போதும் என்று விதித்தார். அன்று அதற்கு முணுமுணுத்தவர்களும் உண்டு. இன்று நம் பங்கில் புதுநன்மை வாங்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த 1910-ஆம் ஆண்டு ஆணையின் பலனை அனுபவிக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1973-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சிறுவர்களோடு நிறைவேற்றும் திருப்பலிக்கென்றே ஒரு வழிகாட்டி நூலை உரோமை வெளியிட்டது. மறு ஆண்டில் சிறுவர் திருப்பலிக்காக மூன்று நற்கருணை மன்றாட்டுகளும் வந்தன. அந்த வழிகாட்டி என்ன சொல்கிறது? பீடத்தை ஆயத்தம் செய்யவும், பாடவும், இசைக்கருவி வாசிக்கவும், வாசகம் வாசிக்கவும், மன்றாட்டு சொல்லவும், காணிக்கைப் பொருள்களைக் கொண்டு வரவும் பிள்ளைகளை விடலாம் என்கிறது. வாசகங்களைக் குறைக்கலாம், நற்செய்தியை மட்டும் விடக்கூடாது. பிள்ளைகளுக்கு ஏற்றபடி பேச குருவுக்கு வரவில்லையென்றால், பங்குத்தந்தையின் சம்மதத்தோடு பொதுநிலையினர் ஒருவர் நற்செய்திக்குப் பின் அவர்களுக்கு விளக்கம் சொல்லலாம். இறைவார்த்தை வழிபாட்டு நேரத்தில் பிள்ளைகளை அருகிலுள்ள ஓர் இடத்துக்குக் கூட்டிப் போய் அவர்கள் வயதுக்கேற்ப நடத்தி, பிறகு பெரியவர்களோடு சேர்க்கலாம். மிகவும் சிறிய குழந்தைகளையும் பூசை முடிவிலாவது கொண்டு வந்து, எல்லாரோடும் ஆசீர் பெறச் செய்யலாம்.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. பிள்ளைகளின் பூசையிலும் மௌனம் வேண்டும்; மௌனமாகச் செபிக்க அவர்களுக்கும் தெரியும், சொல்லித்தர வேண்டும். பிள்ளைகளுக்கான பூசை எல்லாம் அவர்களைப் பெரியவர்களின் ஞாயிறு பூசைக்குக் கொண்டு சேர்க்கும் வழியாக இருக்க வேண்டும். ஆகவே பூசையை விளையாட்டாக்கிவிடச் சொல்லவில்லை. பக்தியைப் பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து கற்றுக்கொடுக்கச் சொல்கிறது.

2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பசித்து அழும் குழந்தைக்குத் தயங்காமல் அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாருக்குச் சொன்னார். உலகப் புகழ் பெற்ற அந்தச் சிற்றாலயத்திலேயே அழலாமென்றால் நம் கோயிலில் அழக்கூடாதா? அதே 2025 செப்டம்பரில் புனிதர் பட்டம் பெற்ற கார்லோ அக்குத்திஸ் ஏழு வயதில் புதுநன்மை வாங்கியவர். பதினைந்து வயதில் 2006-ஆம் ஆண்டு இறந்துவிட்டார். மகனால்தான் தாம் மறுபடியும் விசுவாச வாழ்வுக்குத் திரும்பியதாக அவர் தாயே கூறியிருக்கிறார். பிள்ளையைப் பெற்றோர் கோயிலுக்குக் கூட்டி வருவது வழக்கம். சில வீடுகளில் பிள்ளைதான் பெற்றோரைக் கூட்டி வருகிறது.

மணியோசையில் வளர்ந்த கரை

இதெல்லாம் உரோமையின் செய்தி, நமக்கு அல்ல என்று எண்ண வேண்டாம். நம் முத்துக்குளித்துறைக் கரையில் விசுவாசம் பிள்ளைகள் வழியாகத்தான் வேரூன்றியது. 1542-ஆம் ஆண்டு இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மணி கேட்டுக் கூடியவர்களுக்கு நாளுக்கு இருமுறை தமிழில் செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். தமிழ் அவருக்கு எளிதில் வரவில்லை. பிறர் உதவியோடு மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து சொன்னார். கற்ற சிறுவர்கள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும், வீட்டிலுள்ளவர்களுக்கும், அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் வீட்டுக்குச் செபிக்கப் பிள்ளைகளைத்தான் அனுப்பினார்.

பிள்ளைகள் அவரைச் செபிக்கவோ உண்ணவோ உறங்கவோ விடாமல், சொல்லித்தாருங்கள் என்று நச்சரித்தார்கள் என்று அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். விண்ணரசு இப்படிப்பட்டவர்களுடையது என்பது அப்போதுதான் தமக்கு விளங்கத் தொடங்கியதாம். பாருங்கள், அவருடைய செபத்துக்கே இடைஞ்சல் செய்த பிள்ளைகள்! அவர்களை அவர் விரட்டியிருந்தால் இன்று இந்தக் கரையில் இத்தனை கோயில்கள் இருந்திருக்குமா?

அவருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' ஞானோபதேச நூல்தான். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ஞானோபதேசம் என்பதை நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த வழியில் வந்ததுதான் நம் பாட்டிமார் ஒப்பித்த சின்னக் குறிப்பிடம்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் பெற்றோருக்கு. ஞானஸ்நானத்தின்போது பிள்ளையின் நெற்றியில் குருவோடு சேர்ந்து நீங்களும் சிலுவை அடையாளம் வரைந்தீர்கள். பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியை உங்கள் கையில் கொடுத்தோம். அந்தத் திரியைக் காத்து வளர்க்கிறோம் என்று ஊர் அறிய ஒப்புக்கொண்டீர்கள். ஆகவே முதல் மறைக்கல்வி ஆசிரியர் நீங்கள்தாம். நாங்கள் ஞாயிறு ஒரு மணி நேரம் உங்களுக்குத் துணை செய்கிறவர்கள். பிள்ளையை வகுப்பு வாசலில் இறக்கிவிட்டு, முடியும்வரை டீக்கடையில் நிற்கும் தகப்பனைப் பார்த்துப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பெரியவனானால் இதெல்லாம் தேவையில்லை என்றுதானே கற்றுக்கொள்ளும்?

சனிக்கிழமை இரவு செபமாலைக்குப் பின், மறுநாள் நற்செய்தியைக் கதையாகச் சொல்லுங்கள். பூசைக்கு வந்தால் முன்னால் வந்து உட்காருங்கள். பிள்ளைக்குப் பீடம் தெரிந்தால் பாதித் தொல்லை குறையும். இப்போது சாமி என்ன செய்கிறார், எதற்காக எழுந்து நிற்கிறோம் என்று காதுக்குள் சொல்லுங்கள். அது பராக்கு அல்ல, அது மறைக்கல்வி. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமானால் கொடுங்கள். ஆனால் பாக்கெட் தின்பண்டமும் செல்போனும் வீட்டில் இருக்கட்டும். 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோயில் கோயில் கதவுகள் மூடியபோது செல்போனில் பூசை பார்த்தோம்; அன்று அது ஆறுதலாக இருந்தது. ஆனால் சில வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளைக்குக் கோயிலின் தூப வாசனையும், பக்கத்தில் நிற்பவரின் சமாதான வணக்கமும் செல்போனில் கிடைக்காது.

பிள்ளை மிகவும் அழுதால் வெளியே தூக்கிப் போங்கள், ஆற்றுங்கள், உடனே திரும்பி வாருங்கள். வெளியே போவதில் தவறு ஒன்றுமில்லை. பூசை முடியும்வரை அங்கேயே தங்கிவிடுவதுதான் தவறு. "சாமி ஏசுவார்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். இந்தப் பங்கில் எந்தச் சாமியும் ஏச மாட்டார். அதற்கு நான் பொறுப்பு.

ஞாயிறு காலை டியூஷனைப் பற்றி ஒரு வார்த்தை. படிப்பு வேண்டும், கடலுக்குப் போகும் தகப்பனின் மகன் உயர்ந்த படிப்பு படிப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வலையைக் கரையில் வைத்துவிட்டு ஆண்டவருக்கு நாளைக் கொடுத்த பரம்பரை நாம். பாடுபட்டுப் பிழைத்த நம் பெரியவர்கள் கடலுக்கே விடுமுறை கொடுத்தார்கள் என்றால், டியூஷனுக்கு ஒன்றரை மணி நேரம் விடுமுறை கொடுக்க நம்மால் ஆகாதா?

அடுத்து, பெரியவர்களுக்கு. பிள்ளை அழும்போது தாயைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வை எவ்வளவு கனமானது என்று உங்களுக்குத் தெரியுமா? அதைச் சுமக்க முடியாமல்தான் பல தாய்மார் கெபிக்குப் பின்னால் போகிறார்கள். பார்க்காதீர்கள். பார்த்தால் சிரியுங்கள். முடிந்தால் பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய்க்கும் நிம்மதியாக ஒரு செபம் சொல்லக் கிடைக்கும். நீங்கள் மணல் சுமந்தபோது யாரும் உங்களை இடைஞ்சல் என்று விரட்டவில்லை.

உடலிலோ மனவளர்ச்சியிலோ குறையோடு பிறந்த பிள்ளைகளை நாம் மறந்துவிடக் கூடாது. நம் பங்கில் இரண்டு மூன்று வீடுகளில், பிள்ளை திடீரென்று கத்திவிடும் என்ற பயத்தில் குடும்பமே பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டது. வீடு சந்திக்கப் போனபோது கண்ணீரோடு சொன்னார்கள். நான் சொன்னேன்: "எழுந்தேற்ற நேரத்தில் உங்கள் பிள்ளை கத்தினால், அது ஆண்டவரைப் பார்த்துக் கத்தியது என்று எடுத்துக்கொள்வோம். வாருங்கள்." அவர்கள் வரும்போது நீங்கள் எல்லாரும் என் சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

மறைக்கல்வி ஆசிரியர்களே, உங்கள் தியாகத்தை ஆண்டவர் அறிவார். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாயில் நின்ற செபம் துன்ப காலத்தில் நெஞ்சுக்கு இறங்கும். அதை எத்தனையோ மரணப்படுக்கைகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் மனப்பாடத்தோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளை கேள்வி கேட்டால் மகிழுங்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதனால் மதிப்புக் குறையாது. மறைக்கல்வி வகுப்பில் பிரம்புக்கு இடமில்லை. எந்தப் பிள்ளையையும் ஒரு பெரியவர் தனியே அழைத்து வைத்துக்கொள்ளக் கூடாது. எப்போதும் இருவர் இருக்க வேண்டும். இந்த விதி எனக்கும் சேர்த்துத்தான். கோயில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் என்று பெற்றோர் அச்சமின்றி நம்ப வேண்டும்.

பங்குப் பேரவை ஒப்புக்கொண்டு, பொன்விழா ஆண்டிலிருந்து நாம் தொடங்கப்போவதையும் அறிவிக்கிறேன். ஞாயிறு இரண்டாம் பூசையில் முதல் மூன்று வரிசைகள் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இறைவார்த்தை வழிபாட்டு நேரத்தில் பக்கத்து அறையில் நற்செய்தி விளக்கம்; காணிக்கைப் பவனியில் அவர்களே பழமும் பூவும் ஏந்தி உள்ளே வருவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு சிறுவர் திருப்பலி. அன்று மன்றாட்டுகளை அவர்களே எழுதி வாசிப்பார்கள். வாசக மேடைக்கு ஒரு சிறிய படிப்பலகை செய்யச் சொல்லி ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் முகம் சபைக்குத் தெரிய வேண்டுமல்லவா?

பிரியமானவர்களே, பொன்விழாவுக்குக் கோபுரத்துக்கு வர்ணம் பூசினோம், புது மணி வைத்தோம், தேரைச் செப்பனிட்டோம். நல்ல காரியம்தான். ஆனால் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து நூற்றாண்டு விழா வரும். அன்று நம்மில் பெரும்பாலோர் கல்லறைத் தோட்டத்தில் இருப்போம். அன்று தேர் இழுக்க வேண்டியவர்கள் இப்போது கெபியின் பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் உள்ளே வருகிற வாசலை இன்றே அகலமாகத் திறந்து வைப்போம். அடுத்த ஞாயிறு, அந்தத் தாய்மாரை யாராவது கையைப் பிடித்து உள்ளே கூட்டி வாருங்கள். அவர்களுக்கு இடம் விட நீங்கள் எழுந்து நின்றால், அதுவே இந்தப் பொன்விழாவில் ஆண்டவருக்கு நாம் கொடுக்கும் காணிக்கை.

பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த இயேசு ஆண்டவர் நம் வீடுகளையும் நம் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. அவரைக் கையில் ஏந்தி எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டு சென்ற தேவமாதாவும் சூசையப்பரும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.